வெள்ளிக்கிழமை நோட்டன் பஸ்

கல்லுப்பாலம் தமிழ் வித்தியாலயம்,
நோட்டன் பிரிட்ஜ்.
03.02.2025

அஃப்ஹம் அவர்களுக்கு,

பதினாறு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக அல்ல. நீங்கள் நலமாக இருப்பது பத்திரிகையில் வந்த போட்டோவிலேயே தெரிந்தது. கதை, வசனம் அஃப்ஹம் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

போன மாதம் பட்டிப்பொல ஸ்டேஷனில் உங்கள் 'மூடிய மண்டபம்' படப்பிடிப்பு நடந்ததல்லவா? கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் பஸ் அனுப்பினீர்கள். அதில் என் அண்ணன் மகள் ஜீவராணியும் வந்தாள். ஸ்டேஷன் பெயர்ப்பலகையை மறைத்து, உலகத்தில் இல்லாத ஒரு நாட்டின் கொடியைக் கட்டி, உலகத்தில் இல்லாத ஒரு இராணுவத்தின் சட்டையை எங்கள் பையன்களுக்கு மாட்டியிருந்தீர்களாம். இராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்களின் சரித்திரப் படம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வரும்போது கீழே கிடந்த எட்டுப் பக்க வசனத் தாளை ஞாபகத்துக்கு என்று எடுத்து வந்தாள்.

நான் அதை வாசித்தேன். தலைமறைவாக இருக்கும் மாணவர் தலைவன் ரயிலில் வந்து இறங்குகிறான். அவனைக் கூட்டிப்போக வருவதாகச் சொன்ன தோழி தூணுக்குப் பின்னால் நின்று சிப்பாய்களுக்கு ஜாடை காட்டுகிறாள். அவள் மலையிலிருந்து படிக்க வந்தவள். இடது கைக்காரி. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டுகிறாள். எதைக் கேட்டாலும் "பார்ப்போமே" என்கிறாள்.

கெம்பஸில் நம்முடன் படித்த யாரிடம் இந்தத் தாளைக் கொடுத்தாலும் என் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ரயிலுக்குப் பதிலாக நோட்டன் பஸ் என்று போட்டால் அந்தத் தலைவன் எங்கள் வினோஜன். 2008 தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் பாலத்தடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவன். இன்றுவரை வராதவன்.

அவனுடைய அம்மா பேச்சியம்மா எங்கள் லய வரிசையில்தான் இருக்கிறார், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பதினாறு வருடமாக என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. என் அம்மா செத்தபோதும் வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டார். அவன் வருவது உனக்குத்தானே தெரியும் என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போது தன் மகன் கதை படமாக வருகிறதாம் என்று யாரோ சொல்லி, அவர் எப்போது வரும் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தில் என்னைத்தான் பார்க்கப் போகிறார்.

இரண்டு கேள்விகள். நான் காட்டிக்கொடுத்தேன் என்று நம்புகிறீர்களா? அந்தப் பெண்ணைப் படத்திலிருந்து எடுப்பீர்களா, மாட்டீர்களா?

போனில் பேச வேண்டாம். பேசிவிட்டு நாளைக்கு அப்படிச் சொல்லவில்லை என்பீர்கள். எழுத்தில் வேண்டும். பதிலைப் பாடசாலை முகவரிக்கு அனுப்புங்கள். தோட்டத்து முகவரிக்குப் போட்டால் வந்து சேரப் பத்து நாளாகும்.

தனுஷிகா

*

கொழும்பு 6
09.02.2025

தனுஷிகா,

என்னை 'நீங்கள்' ஆக்கிவிட்டாய். எனக்கு அது வராது, நீ என்றே எழுதுகிறேன்.

சினிமாவில் ஒரு பாத்திரம் பத்துப் பேரிடமிருந்து உருவாகும், யாரையும் குறிப்பதில்லை என்று எழுதித் தப்பித்திருக்கலாம். அப்படி ஒரு கடிதம் எழுதியும் பார்த்தேன். கிழித்துவிட்டேன். நீ எழுத்தில் கேட்டாய், எழுத்திலேயே சொல்கிறேன். ஆம், நம்புகிறேன்.

கைதான இரண்டு மாணவர்களுக்காக வினோஜன் துண்டுப்பிரசுரம் ஒட்டினான். அவனைத் தேடினார்கள். பன்னிரண்டு நாள் ஹட்டனில் என் வாப்பாவின் துணிக்கடை மேல்மாடியில் இருந்தான். தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். போனை ஒட்டுக்கேட்பார்கள் என்று பயந்து, கடிதம்தான் பாதுகாப்பு என்று முடிவுசெய்து, திங்கட்கிழமை உனக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை நான்கு மணி நோட்டன் பஸ், நீலச் சட்டை, பாலத்தடியில் நின்று குறுக்குப் பாதையால் கூட்டிப் போ. இதுதான் அந்தக் கடிதம். இது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவன் போய்விட்டான். மிச்சம் நீயும் நானும்.

நீ பாலத்தடிக்கு வரவில்லை. கேட்டதற்கு, கடிதம் சனிக்கிழமைதான் கிடைத்தது என்றாய். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்துக்கு ஒரு கடிதம் ஐந்து நாள் நடந்து வருமா? அந்தச் சனிக்கிழமை உன்னையும் விசாரணைக்குக் கூட்டிப்போய், பின்னேரமே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் பின்னேரமே வீடு திரும்பிய ஒருத்தரை நீ எனக்குக் காட்டு.

இப்போது மறுபடியும் தோட்டத்து முகவரிக்கு எழுதாதே, பத்து நாளாகும் என்கிறாய். பழைய பொய்க்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கிறாய் என்றுதான் எனக்குப் பட்டது. ஆகவே ஒரு சோதனை. இந்தக் கடிதத்தைக் கையாலேயே இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உன் பாடசாலைக்கு, மற்றது உன் லயத்துக்கு. இரண்டையும் நாளைக் காலை ஒரே பெட்டியில் போடுவேன். எது என்றைக்குக் கிடைத்தது என்று முத்திரையோடு உறையை எனக்கு அனுப்பு.

அஃப்ஹம்

*

13.02.2025

அஃப்ஹம் அவர்களுக்கு,

பாடசாலைக்குப் போட்டது நேற்றுக் கிடைத்தது. இரண்டு நாள். லயத்துக்குப் போட்டது வரவில்லை.

நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியவில்லை. தலைவலி என்று அதிபரிடம் சொன்னேன். இத்தனை வருடமும் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதை நீங்கள் என் பெயரைப் போட்டுத் தெளிவாக எழுதிவிட்டீர்கள். ஒரு வகையில் நன்றி. இப்போது என் சந்தேகத்தையும் நான் மறைக்க வேண்டியதில்லை.

அவனைப் பஸ்ஸில் ஏற்றியது யார்? நீங்கள். நீலச் சட்டை என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கு. பன்னிரண்டு நாள் அவன் இருந்த கடையை யாராவது வந்து புரட்டினார்களா? ஒரு நாளாவது பூட்டினார்களா? இல்லை. என்னைக் கூட்டிப் போனார்கள், உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. காலை எட்டு மணிக்கு சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கட்டடத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பகல் முழுக்க அவ்வளவுதான். நான்கு மணிபோல ஒருவர் வந்து சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நேற்று ஏன் பாலத்துக்குப் போகவில்லை என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பாலம் என்று கேட்டேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது அம்மா உங்கள் கடிதத்தை நீட்டினார். அதை வாசித்த பிறகுதான் எந்தப் பாலம் என்று விளங்கியது.

நான் பாலத்துக்குப் போக வேண்டும் என்பது எனக்கே தெரியாத நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை எழுதியவர் நீங்கள். நான் வேறு யாரைச் சந்தேகப்பட?

தனுஷிகா

*

கொழும்பு 6
19.02.2025

தனுஷிகா,

அந்தக் கேள்வியைப் பற்றி அப்போதே ஏன் எனக்குச் சொல்லவில்லை? நிஜமாகவே அப்படிக் கேட்டார்களா? நேற்று முழுவதும் அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, பதினாறு வருடம் கழித்து இவ்வளவு வசதியான ஒரு கேள்வி எங்கிருந்து முளைக்கிறது என்றும் தோன்றியது. கோபித்துக்கொள்ளாதே, தோன்றியதை எழுதுகிறேன்.

கடையை ஏன் தொடவில்லை என்பது எனக்குத் தெரியாது. அவன் அங்கே இருந்தான் என்று கடிதத்தில் நான் எழுதவில்லை. என் பெயரையும் போடவில்லை, கையெழுத்து உனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அவன் பிடிபட்ட பிறகும் எங்களைப் பற்றிச் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

லயத்துக்குப் போட்ட கடிதம் வந்துவிட்டதா?

அஃப்ஹம்

*

22.02.2025

அஃப்ஹம்,

வந்துவிட்டது. நேற்று, வெள்ளிக்கிழமை. நீ போட்டு பதினோராவது நாள். ஆனால் அது என் கைக்கு வருவதற்கு முன்னால் நடந்ததைக் கேள்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வரும்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை பைப்படியில் பேச்சியம்மா நின்றார். நான் குடத்தை வைத்ததும், என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீதான் காட்டிக் குடுத்தேன்னு கொழும்புல இருந்து எழுதியிருக்கானாமே. நீலச் சட்ட போட்டிருந்தானாம் எம்புள்ள. அதுகூட எனக்கு இன்னிக்கித்தான் தெரியும்."

அந்த நீலச் சட்டை உன் கடிதத்தில்தான் இருக்கிறது. பாடசாலைக்கு வந்த பிரதி என் பையை விட்டு வெளியே போகவில்லை. அவர் சொல்லி மூன்று நாள் கழித்துத்தான் லயத்துப் பிரதி எனக்கே கிடைத்தது. சோற்றுப் பசையால் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது.

எங்கள் லயத்தில் எந்த வீட்டுக்கும் தபால்காரர் வருவதில்லை. தோட்டத்துக்கு வரும் எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குப் போய் ஒரு மேசையில் கிடக்கும். அங்கிருந்து யாராவது எப்போதாவது கொண்டுவந்து தருவார்கள். நானூறு குடும்பம், ஒரே முகவரி. ஒரே பெயரில் ஐந்தாறு பேர். யாருடையது என்று பார்க்கத் திறந்தோம் என்பார்கள். சிறுவயதிலிருந்து எனக்கு வந்த எந்தக் கடிதமும் ஒட்டியது ஒட்டியபடி வந்ததில்லை. பரீட்சைப் பெறுபேறுகூட ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்கு வந்தது. பிந்தி வரும், பிரித்து வரும், அதுதான் எங்களுக்குக் கடிதம். அதனால்தான் அன்றைக்கும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் நீதான் சொல்லியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேனே தவிர, ஆபீஸ் மேசை என் நினைவுக்கு வரவே இல்லை.

நேற்று பெட்டியைக் கிளறி 2008 உறையை எடுத்தேன். அதே மாதிரி இரண்டு தடவை ஒட்டியிருக்கிறது.

இன்று காலை சின்னத்தம்பி மாமாவிடம் போனேன். அந்தக் காலத்தில் நோட்டன் தபாலகத்திலிருந்து ஆபீசுக்குத் தபால் பை சுமந்தவர் அவர்தான். இப்போது கண் மங்கிவிட்டது. உறையைத் தடவிப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"கெம்பஸ் படிக்கிற புள்ளைங்க பேருக்கு வர்ற கடதாசிய எடுத்து வைக்கச் சொல்லி சிவில்ல ரெண்டு பேரு வந்து சொல்லியிருந்தாங்க. ஒனக்கு ஹட்டன்ல இருந்து ஒண்ணு வந்துச்சு. புதன்கெழம வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. சனிக்கெழம திருப்பிக் குடுத்தாங்க. நாந்தான் பசை வச்சு ஒட்டி ஒங்கம்மாகிட்ட குடுத்தேன்."

ஏன் மாமா இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றேன்.

"யாரு என்னையக் கேட்டா? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் புள்ள. எனக்கும் நாலு புள்ளைங்க."

நீ எழுதினாய், அஃப்ஹம். நான் வாசிக்குமுன் அவர்கள் வாசித்தார்கள். நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உன் சோதனைதான் இதைக் காட்டியது. இரண்டு உறைகளையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

தனுஷிகா

*

கொழும்பு 6
01.03.2025

தனுஷிகா,

உறைகள் கிடைத்தன. பசையைப் பார்த்தேன். பசை யார் வீட்டிலும் இருக்கும்.

பதினாறு வருடம் ஒரு உறையை ஏன் பத்திரமாக வைத்திருந்தாய்? கண் தெரியாத ஒரு கிழவர் இத்தனை வருடம் கழித்துக் கிழமை தவறாமல் எப்படிச் சொல்கிறார்? யார் சொல்லிக்கொடுத்தது? உன் கதையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன், கச்சிதமாகப் பொருந்தினால் எனக்குப் பயமாக இருக்கும்.

அதோடு, நீ சொல்வது உண்மையானால் அவனைப் பிடித்துக் கொடுத்தது யாருடைய கடிதம் என்று யோசித்துத்தான் எழுதினாயா?

நோன்பு தொடங்குகிறது. ஹட்டனுக்கு உம்மாவிடம் போகிறேன். கொஞ்ச நாள் எழுதாதே.

அஃப்ஹம்

*

ஹட்டன்
10.03.2025

தனுஷிகா,

எழுதாதே என்று சொன்னவன் நான்தான். இப்போது நானே எழுதுகிறேன்.

நேற்று நோன்பு திறந்த பிறகு உம்மாவுடன் உட்கார்ந்திருந்தேன். எதையோ பேசுவது போலத்தான் கேட்டேன், தோட்டத்து ஆட்களுக்குக் கடிதம் எப்படிப் போகும் என்று. உம்மா கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"தோட்டத்துக்குப் போற கடதாசி ஒபீசுக்குத்தானே மகன் போகும். வாப்பா கலியாணக் காட்கூட தோட்டத்துக்கு தபால்ல போட்டதில்ல. ஆள் அனுப்பித்தான் குடுப்பார். இது தெரியாதா ஒனக்கு?"

தெரியாது. நான் எட்டு வயதிலிருந்து கண்டி ஹொஸ்டலில் வளர்ந்தவன். எனக்குக் கடிதம் என்றால் என் பெயரைக் கூப்பிட்டு என் கையில் தருவது. ஹட்டன் டவுனில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கடையில் இருக்கும் ஒரு பையனை அனுப்பியிருப்பார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான்தான் பெரிய இரகசியக்காரன் மாதிரி நடந்துகொண்டேன். நாள், நேரம், பஸ், சட்டை நிறம் எல்லாவற்றையும் எழுதி நானே அந்த மேசையில் வைத்திருக்கிறேன்.

இரவெல்லாம் உன்மேல் குற்றம் கண்டுபிடிக்க முயற்சி செய்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். நீயாக இருந்துவிட்டால் எனக்குச் சுகம். பதினாறு வருடமாக அந்தச் சுகத்தில்தான் இருந்திருக்கிறேன்.

காலையில் டைரக்டர் மதுரனுக்குப் போன் செய்து, அந்தப் பெண் காட்டிக்கொடுக்கவில்லை, ஒரு கடிதம் பிரிக்கப்பட்டது, காட்சியை மாற்ற வேண்டும் என்றேன். அவர் ஒரு மேசையை எப்படி வில்லனாகக் காட்டுவது என்று கேட்டார். சனங்களுக்கு ஒரு முகம் வேண்டுமாம். அப்படியானால் கடிதம் எழுதினவனின் முகத்தைக் காட்டுங்கள், கண்ணாடி போட்ட டவுன் பையன், தன்னை மகா கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருப்பவன் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். விடமாட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுத வரவில்லை. எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

அஃப்ஹம்

*

17.03.2025

அஃப்ஹம்,

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். எனக்கு இரண்டு இடத்தில் கல்யாணம் பேசி, இரண்டும் நின்றுபோனது இந்தக் கதையால்தான். ஸ்டாப் ரூமில் நான் வந்தால் அரசியல் பேசமாட்டார்கள். உன் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நீ வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்திரண்டு வயது உனக்கு.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீபாவளி முடிந்து இரண்டாவது நாள், பேச்சியம்மா என்னிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்டபோது, நான் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. ஹட்டன் துணிக்கடை முஸ்லிம் பையன்தான் சொல்லியிருப்பான் என்றேன். உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். முஸ்லிம் என்று சொன்னால் சீக்கிரம் நம்புவார் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் சோறு போட்டவன் சொல்லுவானா என்று கேட்டார். அவன் எங்கே இருந்தான் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அன்றிலிருந்துதான் அவர் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். காட்டிக்கொடுத்தேன் என்பதற்காகவா, உன்மேல் பழி போட்டேன் என்பதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படத்தை நீ மாற்றினால் நல்லது. மாற்றாவிட்டாலும் இனி நான் அதற்காகக் கெஞ்சமாட்டேன். பேச்சியம்மாவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அது நீ சொல்ல வேண்டியது. நான் சொன்னால் தப்பித்துக்கொள்ளச் சொல்கிறாள் என்பார். சின்னத்தம்பி மாமா தன்னிடம் கேட்கவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இதையும் என் தலையில் வைக்காதே.

தனுஷிகா

*

ஹட்டன்
28.03.2025

தனுஷிகா,

பத்து நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை அல்ல. பயம்.

இரண்டு தடவை நோட்டன் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு தடவையும் பாதி வழியில் இறங்கிவிட்டேன். பேச்சியம்மாவின் முன்னால் நின்று முதல் வார்த்தை என்ன சொல்வது? வசனம் எழுதுகிறவனுக்கு ஒரு வரி வரவில்லை. பேசாமல் உன்னிடமே விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். உன் கடைசி வரி விடவில்லை.

அவர் ஒருவரிடம் மட்டும் நான் இரகசியமாகச் சொன்னால் உன் பெயர் ஊரில் அப்படியேதான் இருக்கும். பிறகுதான் ஒன்று தோன்றியது. இன்று காலை தபாலகத்தில் ஒரு தபாலட்டை வாங்கினேன். உறை வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இப்படி எழுதிப் போட்டிருக்கிறேன்:

"பேச்சியம்மா, இரண்டாம் லயம், கல்லுப்பாலத் தோட்டம். அம்மா, உங்கள் மகன் வினோஜன் வரும் நாளையும் பஸ்ஸையும் 2008இல் தனுஷிகாவுக்குக் கடிதமாக எழுதியவன் நான்தான். அது தோட்டத்து ஆபீசில் பிரிக்கப்பட்டு அவனைத் தேடியவர்கள் கைக்குப் போனது. தனுஷிகாவுக்கு அது கிடைத்தது அவனைப் பிடித்த மறுநாள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. ஹட்டன் துணிக்கடை அஃப்ஹம்."

உன் பாடசாலைக்குப் போடவில்லை. லயத்துக்குத்தான் போட்டேன். மேசையில் கிடக்கட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் கிடக்கட்டும். வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும்.

மதுரன் ஒரு நாள் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பட்டிப்பொலயில் அந்தக் காட்சியை மறுபடி எடுக்கிறோம். அந்தப் பெண் இனி ஸ்டேஷனில் நிற்கமாட்டாள். அவன் வருவதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அஃப்ஹம்

*

கல்லுப்பாலத் தோட்டம்
09.04.2025

அஃப்ஹம்,

உன் அட்டை நேற்றுத்தான் பேச்சியம்மாவின் கைக்கு வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னாலேயே தோட்டம் முழுக்க வந்துவிட்டது.

போன வியாழக்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்த கங்காணி அழகன் அண்ணன், நடுவில் அதை நிறுத்திவிட்டு, டீச்சர் மேல தப்பு இல்லையாம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். ஜீவராணி ஓடிவந்து சொன்னாள். சனிக்கிழமை கோயிலில் இரண்டு பெண்கள் எனக்கு உட்கார இடம் விட்டார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இடம் விட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவே தாங்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். சின்னத்தம்பி மாமா மட்டும் இன்னும் வெளியில் தலை காட்டவில்லை.

நேற்றுப் பின்னேரம் பேச்சியம்மா அட்டையோடு என் வாசலுக்கு வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதில் என்ன இருக்கிறது என்று ஐந்து நாளாகப் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என்னிடம் நீட்டினார். அட்டை முழுக்க விரல் அழுக்கு. ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறை. 'எழுதியவன் நான்தான்' என்ற இடத்தில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வினோஜனின் பெயர் வரும் இடத்தில் மட்டும் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் அம்மா முன்பு உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி ஊத்து" என்றார்.

சீனியைக் கொட்டிவிட்டேன். அவர் முழுவதும் குடித்தார். உன்மேல் நான் போட்ட பழியை நானே எடுத்துச் சொன்னேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்றார். உனக்கு எழுதச் சொல்லி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கடதாசியிலயே முடிச்சுக்கலாம்னு பாக்குறானா? நேர்ல வரச் சொல்லு. எம்புள்ள கடசியா என்ன சாப்புட்டான், என்ன பேசுனான்னு அவங்கிட்டதான் நான் கேக்கணும். எந்த பஸ்சுல வர்றேன்னு மட்டும் எழுத வேணாம்னு சொல்லு."

தனுஷிகா